ஓதம் ஏறுமுன்

லாஸ்பேட்டையில் கிளம்பும்போது
பதிவேட்டில் எழுதியது நான்தான்.
பிச்சாவரம். மூன்று பேர். திரும்புவது 5.30.
அவசரத்தில் ஐந்தின் வயிறு மூடிக்கொண்டு
ஆறு போல ஆகிவிட்டது.
திருத்துவதற்குள் பேனாவை வாங்கிக்கொண்டார்கள்.
அந்த ஒரு மணி நேரம்
நம்மை யாரும் தேடப் போவதில்லை.

சுரபுன்னை ஓர் இறக்கையைப் பிடுங்கி
மேலே வைத்துக்கொண்டது.
இன்னொன்று சேற்றில் செருகி நிற்கிறது.
அடியில் பொருத்திய கேமரா மட்டும் அடங்கவில்லை;
பத்து நொடிக்கு ஒருதரம்
தன் முகத்தில் அப்பிய களியைப் படம் எடுக்கிறது.

பெர்னதேத்தின் வலது பாதம்
அவள் பார்க்காத பக்கம் பார்க்கிறது.
ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
விதி சொல்கிறாள்:
விமானத்தை விட்டு நகரக் கூடாது.
மேலிருந்து தேடுபவனுக்கு
ஆள் ஒரு புள்ளி, இறக்கை ஒரு வீடு.
வாலில் ஆரஞ்சு நிறத்தில் பெட்டி ஒன்று உண்டு,
விழுந்த அதிர்ச்சியில் அதுவே கூப்பிட ஆரம்பித்துவிடும்.

ஆரம்பித்ததா என்று கேட்டேன்.
"வால் தண்ணிக்குள்ள இருக்கு."

தணிகைவேல் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.
நெய்வேலிக்காரர். காத்திருந்து பழக்கமில்லை.
"அதோ வெளிச்சம். கிள்ளைதான் அது.
அரைமணி நேரம். ஆளோட வரேன்."
நியாயமாகத்தான் இருந்தது.
வற்றம். வாய்க்காலில் முழங்கால் அளவு நீர்.
மேற்கே சிதம்பரத்தின் மங்கல் வானத்தில் ஒட்டியிருந்தது.
இவ்வளவு பக்கத்தில் ஊரை வைத்துக்கொண்டு
காட்டில் மாட்டிக்கொண்டோம் என்று சொல்லவே கூச்சம்.

நானும் போனேன். அதை மறைக்கவில்லை.
இருபத்திரண்டு அடி.
அவள் கத்தவில்லை.
"போறதுன்னா தண்ணி பாட்டில வச்சிட்டுப் போ"
என்றாள், கடையில் மீதிச் சில்லறை கேட்பவள் போல.

பாட்டிலைக் கொடுக்கத் திரும்பினேன்.
என் முடிவு அவ்வளவுதான்.
துணிச்சலும் இல்லை, விதியும் இல்லை.
கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது
என் காலடிக் குழிகளில் தண்ணீர் நிறைந்து
வெள்ளி நாணயங்களாக மினுங்கிற்று.
ஓதம் ஏறுகிறது.

அவளைத் தூக்கிக் கூரைமேல் போட்டேன்.
வாயில் என் பெல்ட்டைக் கடித்துக்கொண்டாள்.
பிறகு கால்மணிக்கு ஒருதரம்
தணிகைவேல் என்று கூப்பிட்டோம்.
பதிலுக்கு நண்டுகள் வேரில் நொறுநொறுத்தன.
ஒன்பது மணிக்குமேல் கூப்பிடவில்லை.
தொண்டை என்று சொல்லிக்கொண்டோம்.
"போய்ச் சேர்ந்திருப்பார்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அந்த வார்த்தையின் மறுபக்கம் குளிர்ந்தது.
அதைத் துடைக்க என்னென்னவோ பேசினோம்:
அவர் அவசரத்தை, அவர் பிடிவாதத்தை,
அலுவலகக் கணக்கில் அவர் தந்த போலி ரசீதுகளை.
சிரிக்கக்கூடச் செய்தோம்.

விடியலில் வாய்க்காலில் ஒரு தலை வந்தது.
கழுத்தளவு நீரில்
பல்லிடுக்கில் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி
இறால் தேடிக்கொண்டிருந்த பெண்.
எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த இறாலை
முதலில் பறிக்குள் போட்டாள்.
அப்புறம்தான் பறியை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"ராத்திரியே சத்தம் கேட்டுச்சி.
இருட்டுல இந்தப் பக்கம் யாரு வருவா."

வெளிச்சத்தைக் காட்டிக் கேட்டேன்.
"அது ஊரா? எறா பண்ணை.
நடுவுல ஆறு, ரெண்டாளு ஆழம்."

கணவனைத் தோணியோடு கூப்பிட்டுவிட்டு
ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"உங்க ஆளு ஒருத்தரு
தோ அந்தத் தில்ல மரத்துல குந்திக்கினு இருக்காரு.
கண்ணுல பாலு பட்டுடுச்சி போல, மூடிக்கினே இருக்காரு.
கூப்பிட்டா பேச மாட்டேங்கறாரு."

அவள் கை காட்டிய இடம்
நூறடிகூட இல்லை.

பெர்னதேத் என்னைப் பார்க்கவில்லை.
நான் மரத்தைப் பார்க்கவில்லை.
ரசீது பற்றிச் சொன்னது
நானா, அவளா.